இரவல் துப்பாக்கிக்கு யார் தோட்டா தருவது?

1918 மே மாதத்தின் நடுப்பகுதி. பிரான்ஸில் ஆர்கோன் காட்டின் ஓரமாக ஒரு காவல் குழிக்குள் இரண்டு அமெரிக்கச் சிப்பாய்கள் விழித்திருந்தார்கள். ஒருவர் ஹென்றி ஜான்சன். பட்டாளத்தில் சேருவதற்கு முன் ஆல்பனி ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கியவர். மற்றவர் நீதம் ராபர்ட்ஸ். நள்ளிரவு தாண்டி, முள்கம்பியை யாரோ கத்தரிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு பேருக்குக் குறையாத ஒரு ஜெர்மன் கூட்டம் அவர்கள்மேல் பாய்ந்தது. கையெறி குண்டில் ராபர்ட்ஸ் சாய்ந்துவிட்டார். ஜான்சன் கையில் இருந்தது மூன்று தோட்டா மட்டுமே கொள்ளும் பிரெஞ்சு ரைஃபிள். மூன்றையும் சுட்டுத் தீர்த்தார். இருட்டில், பதற்றத்தில், அடுத்து அவர் உள்ளே திணித்தது ஓர் அமெரிக்கத் தோட்டாக் கிளிப் என்று அன்றைய செய்திகள் சொல்கின்றன. துப்பாக்கி அப்படியே இறுகிக்கொண்டது.

அதற்குப் பிறகு அதைத் தடியாகப் பிடித்துச் சுழற்றினார். அதுவும் உதவாமல் போனதும் இடுப்பிலிருந்த போலோ கத்தியை உருவினார். உடம்பில் 21 காயங்கள். ஆனாலும் ராபர்ட்ஸைச் சிறைபிடித்துக்கொண்டு போக விடவில்லை. பிரான்ஸ் தன் வீரப் பதக்கத்தை அவருக்கு அந்த ஆண்டே கொடுத்தது. சொந்த நாடு தன் உச்ச விருதைக் கொடுத்தது 2015இல், அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.

அமெரிக்கச் சிப்பாய் கையில் பிரெஞ்சு ரைஃபிள் எப்படி வந்தது? ஜான்சன் இருந்தது 369-ஆவது காலாட்படை ரெஜிமென்டில். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பினத்தவர் நிறைந்த படை அது. 'என் படைகளைப் பிரித்து யாருக்கும் தரமாட்டேன், அமெரிக்கர்கள் தனிப் படையாகத்தான் நிற்பார்கள்' என்று பிரெஞ்சுக்காரர்களிடமும் பிரிட்டிஷ்காரர்களிடமும் பிடிவாதமாக இருந்தவர் பிரான்ஸில் இருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி பெர்ஷிங். கறுப்பினப் படைகள் என்று வந்தபோது மட்டும் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது. வெள்ளைப் படைகளோடு சேர்ந்து நிற்க வேண்டாம் என்று நான்கு ரெஜிமென்டுகளை அப்படியே பிரெஞ்சு ராணுவத்துக்குத் தள்ளிவிட்டார்கள். போன இடத்தில் அமெரிக்க ரைஃபிளை வாங்கி வைத்துக்கொண்டு பிரெஞ்சு ரைஃபிள், பிரெஞ்சு ஹெல்மெட், பிரெஞ்சு வாயு முகமூடி எல்லாம் கொடுத்தார்கள். அவர்களிடம் மிஞ்சிய அமெரிக்கப் பொருள் கிட்டத்தட்ட சீருடை மட்டும்தான்.

துப்பாக்கியை மாற்றியதில் அவமதிப்பு எதுவும் இல்லை. அது சரியான முடிவு. பிரெஞ்சு டிவிஷனுக்குள் நிற்கும் படைக்குப் பின்னாலிருந்து வரும் வண்டியில் பிரெஞ்சுத் தோட்டாதான் இருக்கும். அமெரிக்க ரைஃபிளையே வைத்திருந்தால் இரண்டாம் நாளே அது வெறும் இரும்பு. நேச நாடுகளின் ஆயுதத்தைப் பயன்படுத்துவது என்ற விஷயம் முழுக்க இதைச் சுற்றித்தான் சுழல்கிறது. துப்பாக்கியைக் கொடுப்பதும் வாங்குவதும் சுலபம். அதற்கான தோட்டா, உதிரி பாகம், ஸ்பானர், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் எல்லாம் கூடவே வந்துசேர்கின்றனவா என்பதுதான் கேள்வி. 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்' என்று ஊரில் சொல்வார்கள். ராணுவங்களின் கொள்முதல் அலுவலகங்களில் எழுதி மாட்ட வேண்டிய வாசகம்.

முதல் உலகப் போரில் இரவல் வாங்கிய பெரிய நாடு அமெரிக்காதான். இன்று கேட்டால் நம்ப முடியாது. 1917 ஏப்ரலில் அது போரில் குதித்தபோது ஆள் இருந்தது, பணம் இருந்தது, இரும்பும் ஏராளமாக இருந்தது. பீரங்கி இல்லை. விமானமும் இல்லை. அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல்களில் இடமும் கம்மி. ஒரு பீரங்கியை ஏற்றும் இடத்தில் பத்துச் சிப்பாயை ஏற்றலாமே என்பது கணக்கு. ஆகவே அமெரிக்கா ஆளையும் எஃகையும் அனுப்ப, பிரான்ஸ் பீரங்கி செய்து கொடுத்தது. அமெரிக்கப் படைகள் போர்முனையில் பயன்படுத்திய சுமார் 2,250 பீரங்கிகளில் அமெரிக்காவில் செய்தவை நூற்றுச் சொச்சம்தான். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஹாரி ட்ரூமன் அந்தப் போரில் கேப்டன். அவருடைய பேட்டரி, அதாவது பீரங்கிப் பிரிவு, சுட்டதெல்லாம் பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கியில். விமானி எடி ரிக்கன்பேக்கர் எதிரி விமானங்களை வீழ்த்தியது நியூபோர், ஸ்பாட் என்ற பிரெஞ்சு விமானங்களில். அடுத்த உலகப் போரில் பெயரெடுத்த தளபதி பேட்டன் தன் முதல் டாங்கிப் படையை நடத்திப் போனது பிரெஞ்சு ரெனோ டாங்கிகளோடு.

அந்த 75 மி.மீ. பீரங்கியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1897இல் வந்த மாடல். சுட்டதும் குழாய் மட்டும் பின்னால் வழுக்கிப் போய், எண்ணெயும் அழுத்தக் காற்றும் தள்ள, தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். வண்டி அசையாது. ஒவ்வொரு தடவையும் மறுபடி குறிபார்க்க வேண்டியதில்லை என்பதால் பயிற்சி பெற்ற குழு நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகூடச் சுட முடிந்தது. அந்தப் பின்வாங்கும் பொறியைத் தாங்களே செய்துபார்க்க அமெரிக்கத் தொழிற்சாலைகள் முயன்றன. வரைபடம் கையில் இருந்தும் நாள் பிடித்தது, போர் முடிந்துவிட்டது. இந்தக் கதைக்கு மறுபடி வருவோம்.

எல்லா இரவலும் இப்படி நன்றாக முடியவில்லை. ஷோஷா என்று ஒரு பிரெஞ்சு இலகு இயந்திரத் துப்பாக்கி. பிரெஞ்சுத் தோட்டா அடியில் பருத்து நுனியில் குறுகியது. அவற்றை அடுக்கினால் வளையும், அதனால் மேகஸினும் பிறை நிலா வடிவம். உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்க்க வசதியாக மேகஸினின் ஒரு பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தார்கள். பதுங்குகுழிச் சேற்றில் படுத்துக்கொண்டு சுட வேண்டிய ஆயுதத்துக்குப் பக்கவாட்டில் ஜன்னல்! யாருடைய யோசனையோ. அது போகட்டும். அமெரிக்கர்கள், 'எங்கள் தோட்டாவுக்கே இதைச் செய்து கொடுங்கள்' என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான், ஒரே தோட்டாவாக இருந்தால் சப்ளை சுலபம். ஆனால் அமெரிக்க .30-06 தோட்டா நீளமானது, வேகமும் அழுத்தமும் அதிகம். தோட்டா அமரும் அறையை அளவு தவறிக் குடைந்துவிட்டார்கள். சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. சிப்பாய்கள் பலர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ரைஃபிளோடு போனார்கள். அமெரிக்காவின் சொந்த பிரௌனிங் தானியங்கி ரைஃபிள் போர்முனைக்கு வந்து சேர்ந்தது 1918 செப்டம்பரில்தான். அதற்குள் ஷோஷாவின் பெயர் கெட்டுப்போய்விட்டது, இன்றுவரை மீளவில்லை. நியாயமாகப் பார்த்தால் பிரெஞ்சுத் தோட்டாவில் ஓடிய அசல் ஷோஷா அவ்வளவு மோசமில்லை, பிரான்ஸ் அதை லட்சக்கணக்கில் பயன்படுத்தியது. மாட்டிக்கொண்டது தோட்டா மாற்றத்தில்.

அதே மாற்றத்தை ஒழுங்காகச் செய்த கதையும் அதே போரில் இருக்கிறது. போரின் தொடக்கத்தில் பிரிட்டன் தனக்கு ரைஃபிள் போதாமல் அமெரிக்காவின் வின்செஸ்டர், ரெமிங்டன் கம்பெனிகளிடம் ஆர்டர் கொடுத்தது. வடிவமைப்பு பிரிட்டனுடையது, தோட்டா பிரிட்டனின் .303. அந்த ஆர்டர் முடியும் தறுவாயில் அமெரிக்காவே போரில் இறங்கிவிட்டது. அதனுடைய சொந்த ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள் தேவைக்கு எட்டவில்லை. ஆனால் இங்கே ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலை, பழகிய தொழிலாளி, தயாராக நிற்கும் இயந்திரம் எல்லாம் பிரிட்டிஷ் ரைஃபிளுக்கானவை. புதிதாக எல்லாவற்றையும் மாற்றுவதைவிட இந்த பிரிட்டிஷ் ரைஃபிளை அமெரிக்கத் தோட்டாவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். எம்1917 பிறந்தது. 20 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பிரான்ஸ் போன அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலானோர் தோளில் இருந்தது இந்த வெளிநாட்டு வடிவமைப்புதான். தோட்டா மட்டும் அமெரிக்காவுடையது. முதலில் தோட்டாவை முடிவு செய், பிறகு துப்பாக்கியை அதற்கு வளை: இந்த வரிசையில் போனதால் தப்பித்தார்கள்.

இதற்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. 1940 கோடையில் டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் ராணுவம் உயிர் பிழைத்து ஊர் திரும்பியது. பீரங்கி, வண்டி, ஆயுதம் எல்லாவற்றையும் பிரெஞ்சுக் கடற்கரையில் போட்டுவிட்டு வந்தது. ஜெர்மானியர்கள் எந்த நேரமும் கடல் தாண்டி வரலாம் என்ற பயம். அமெரிக்கா தன் கிடங்கில் மசகு தடவி வைத்திருந்த எம்1917 ரைஃபிள்களை லட்சக்கணக்கில் அனுப்பியது. கூடவே 1918இல் பிரான்ஸிடமிருந்து வந்த அதே 75 மி.மீ. பீரங்கி ரகத்திலும் நூற்றுக்கணக்கில். பிரிட்டன் வடிவமைத்த ரைஃபிள் அமெரிக்கத் தோட்டாவோடு பிரிட்டனுக்கே திரும்பி வந்தது!

வந்த இடத்தில் ஒரு சிக்கல். ஊர்க்காவல் படையான ஹோம் கார்டுக்குத்தான் பெரும்பாலும் இவற்றைக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் முந்தைய போரில் பழகிய வயதானவர்கள். கை தானாக .303 தோட்டாவைத் தேடும். பிரிட்டனிடம் இதே ரைஃபிளின் அசல் .303 வகையும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். தீர்வு எளிமையானது: கட்டையைச் சுற்றி அகலமாக ஒரு சிவப்புப் பட்டை அடித்தார்கள். சிவப்புப் பட்டை பார்த்தால் .303 போடாதே. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆர்கோன் காட்டில் நடந்தது இங்கே நடக்கக் கூடாது என்பதற்கு ஒரு டப்பா பெயின்ட் போதுமாக இருந்தது. பழைய ஆயுதங்களைச் சேகரிப்பவர்களிடம் அந்தப் பட்டையோடு இன்றும் சில ரைஃபிள்கள் கிடைக்கும்.

இங்கே ஒரு சந்தேகம் பலருக்கு வரும். போர்க்களத்தில் பக்கத்தில் நிற்கும் நேச நாட்டுச் சிப்பாயிடம் நல்ல துப்பாக்கி இருந்தால், மாற்றிக்கொள்ளக் கூடாதா? திரைப்படங்களில் சுலபமாக நடக்கும். நிஜத்தில் ஒருவருக்கொருவர் பரிமாற்றம் என்பது அபூர்வம்; நடந்தாலும் கைத்துப்பாக்கி, கத்தி, கம்பளிக் கோட்டு என்று நின்றுவிடும். முதன்மை ஆயுதத்தை மாற்றினால் மறுநாள் அவருடைய செக்ஷனில் அவர் ஒருவருக்கு மட்டும் வேறு தோட்டா வேண்டும். படைக்குச் சாமான் வழங்கும் குவார்ட்டர்மாஸ்டர் அதற்கென்று ஒரு பெட்டி வரவழைக்க மாட்டார். தோழன் அடிபட்டு விழுந்தால் அவன் பையிலிருந்து எடுத்துச் சுடவும் முடியாது. இன்னொன்று, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு சத்தம் உண்டு. பழகிய காது அதைக் கேட்டே நம்ம ஆளா எதிரியா என்று முடிவு செய்துவிடும். இருட்டில் பழக்கமில்லாத சத்தம் எழுப்பினால் சொந்தப் படையே சுடும் ஆபத்து உண்டு. அதனால்தான் இரவல் என்பது சிப்பாய்க்கும் சிப்பாய்க்கும் நடுவில் நடப்பதில்லை. அரசுக்கும் அரசுக்கும் நடுவில், கப்பல் கணக்கில் நடக்கிறது.

அந்தக் கப்பல் கணக்கின் உச்சம் 1941 மார்ச் 11 அன்று அமெரிக்காவில் சட்டமான லெண்ட்-லீஸ், அதாவது நேச நாடுகளுக்கு ஆயுதத்தை இரவலாகவும் குத்தகையாகவும் தரும் ஏற்பாடு. கிட்டத்தட்ட 5,000 கோடி டாலர் மதிப்புள்ள பொருள், முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு. இதில் டாங்கியும் விமானமும்தான் எல்லோர் கண்ணிலும் படும்.

1942 ஜூன் 21. சர்ச்சில் வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ட்டோடு இருந்தபோது லிபியாவில் பிரிட்டன் பிடித்து வைத்திருந்த தொப்ருக் ஜெர்மானியர்களிடம் விழுந்த செய்தி வந்தது. 'நாங்கள் என்ன உதவி செய்யலாம்?' என்று ரூஸ்வெல்ட் கேட்க, முடிந்த மட்டும் ஷெர்மன் டாங்கிகளை மத்திய கிழக்குக்கு அனுப்புங்கள் என்றார் சர்ச்சில். 300 டாங்கிகள் கப்பலேறின. அக்டோபர் 23 அன்று எகிப்தின் எல் அலமெய்னில் போர் தொடங்கியபோது அவற்றில் சுமார் 250 களத்தில் நின்றன.

பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஷெர்மன் ஏன் பிடித்தது? அதுவரை அவர்களுடைய டாங்கிகளில் இருந்த 2-பவுண்டர் பீரங்கி கவசத்தைத் துளைக்கும். ஆனால் விழுந்த இடத்தில் வெடித்துச் சிதறும் வெடிகுண்டை அதற்குக் கொடுக்கவில்லை. டாங்கிக்கு எதிராகச் சரி. எதிரி ஒரு கிலோமீட்டர் தள்ளிக் குழியில் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியோடு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஷெர்மனும் அதற்கு முன் வந்த அமெரிக்க கிரான்ட் டாங்கியும் 75 மி.மீ. வெடிகுண்டு வீசின. அந்த 75 மி.மீ. குண்டு எது தெரியுமா? 1897ஆம் ஆண்டு பிரெஞ்சு பீரங்கியின் அதே குண்டு. அமெரிக்கா 1918இல் கற்றுக்கொண்டு, பிறகு தொழிற்சாலைகளில் செய்து பழகி, கடைசியில் தன் டாங்கிப் பீரங்கியையும் அந்தக் குண்டுக்கே வடிவமைத்தது. பிரான்ஸ் 1940இல் வீழ்ந்துவிட்டது. அதன் குண்டு எகிப்துப் பாலைவனத்தில் அமெரிக்க டாங்கிக்குள்ளிருந்து பிரிட்டிஷ் கைகளால் ஜெர்மானியர்கள்மேல் போய் விழுந்தது. இந்தப் போரில் எனக்குப் பிடித்த வம்ச வரலாறு இதுதான்.

பிறகு பிரிட்டன் தன் பங்குக்கு ஷெர்மனையே மாற்றியது. புலி, பாந்தர் என்று தடித்த கவசத்தோடு ஜெர்மன் டாங்கிகள் வந்தபோது 75 மி.மீ. போதவில்லை. பிரிட்டனின் 17-பவுண்டர் போதும். ஆனால் ஷெர்மன் கோபுரத்துக்குள் அது அடங்காது. பீரங்கியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்தி, ரேடியோவைக் கோபுரத்தின் பின்னால் ஓட்டை போட்டு ஒரு பெட்டிக்குள் தள்ளி, முன்னால் உட்கார்ந்திருந்த இயந்திரத் துப்பாக்கி ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீளமான குண்டுகளை அடுக்கினார்கள். ஃபயர்ஃபிளை என்று பெயரெடுத்தது. நார்மண்டியில் ஜெர்மானியர்கள் நீளக் குழாய் உள்ள ஷெர்மனைத் தேடி முதலில் சுட்டதாகச் சொல்வதுண்டு. அதனால் குழாயின் முன்பாதியை வெளிர் நிறத்தில் பூசி, குட்டையாகத் தெரியும்படி செய்து பார்த்தார்கள்.

இவ்வளவு கலப்பின் விலையையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் காலாட்படைக்கு .303. ஷெர்மனின் இயந்திரத் துப்பாக்கிக்கு அமெரிக்க .30. பிரிட்டனின் சொந்த டாங்கிகளில் இருந்த பெசா இயந்திரத் துப்பாக்கிக்கு 7.92 மி.மீ.; ஆமாம், அது ஜெர்மன் ராணுவத்தின் அளவு, செக் வடிவமைப்போடு கூடவே வந்தது. கையில் தூக்கிச் சுடும் சிறு இயந்திரத் துப்பாக்கிகளில் தாம்சனுக்கு .45, ஸ்டென்னுக்கு 9 மி.மீ. ஒரே டிவிஷனின் கிடங்குக்காரர் தலை எப்படிச் சுற்றியிருக்கும்!

இரவல் ஒருவழிப் பாதையாகவும் இல்லை. அமெரிக்க 31, 52-ஆவது ஃபைட்டர் குரூப்புகள் 1944 வரை பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்களில் பறந்தன. நார்மண்டியில் பாராசூட்டிலும் கிளைடரிலும் இறங்கிய அமெரிக்கப் படைகள், தங்கள் நாட்டுப் பீரங்கியின் வண்டி கிளைடருக்குள் நுழையாததால், பிரிட்டன் செய்த குறுகலான 6-பவுண்டரை எடுத்துக்கொண்டு போயின. அவர்களுடைய சொந்த 57 மி.மீ. பீரங்கியும் அதே 6-பவுண்டரின் நகல்தான். ஆகவே குண்டு ஒன்றே, தலைவலி இல்லை.

சோவியத் யூனியன் இந்த விஷயத்தில் எல்லோரையும்விடக் கறாராக இருந்தது. டாங்கி, விமானம், லாரி, எரிபொருள், டின் இறைச்சி எல்லாம் வாங்கியது. ரைஃபிள் கேட்கவில்லை. தன் காலாட்படையின் தோட்டாவில் கைவைக்க அது தயாராக இல்லை. அமெரிக்க டாங்கிகளோடு தாம்சன் துப்பாக்கிகளும் பெட்டியில் வந்தன; .45 தோட்டா வேறெங்கும் கிடைக்காது என்பதால் அவற்றில் பெரும்பாலானவை ஓரமாகவே கிடந்தன. ஷெர்மனில்கூட டீசல் எஞ்சின் உள்ள எம்4ஏ2 வகையையே எடுத்தார்கள். தங்கள் டி-34 டாங்கியும் டீசல் என்பதால் ஒரே லாரி இரண்டுக்கும் ஊற்றலாம். பிரிட்டன் அனுப்பிய மடில்டாவில் அவர்களுக்குத் திருப்தியில்லை. பக்கவாட்டுக் கவசத்துக்குள் சங்கிலியில் பனி புகுந்து உறைந்தது. அதிலும் அதே வெடிகுண்டில்லாத 2-பவுண்டர்.

ஆனால் ஐராகோப்ரா விமானம் வேறு கதை. பெல் கம்பெனியின் பி-39. விமானிக்குப் பின்னால் எஞ்சின், மூக்கில் காற்றாடியின் நடு வழியாகச் சுடும் 37 மி.மீ. பீரங்கி. உயரே போனால் எஞ்சின் மூச்சு வாங்கும். உயரத்தில் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ சார்ஜரை எடுத்துவிட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் விமானப் படையின் ஒரே ஒரு ஸ்குவாட்ரன் கொஞ்ச நாள் ஓட்டிப்பார்த்துவிட்டு வேண்டாமென்றது. மேற்கே ஆகாயச் சண்டை உயரத்தில் நடந்தது, அதனால் அந்த முடிவில் தப்பில்லை. கிழக்கு முனையில் சண்டை தரைக்குப் பக்கத்தில்: முன்னேறும் காலாட்படையின் தலைக்கு மேல், குண்டு வீச வரும் ஜெர்மன் விமானங்களோடு. அங்கே இந்த விமானம் நன்றாக மூச்சு விட்டது. கனம் குறைய இறக்கையிலிருந்த துப்பாக்கிகளைப் பல ரெஜிமென்டுகள் கழற்றிப் போட்டன. எல்லா விமானத்திலும் ஒழுங்காக வேலை செய்யும் ரேடியோ இருந்தது. போரின் முதல் ஆண்டுகளில் சோவியத் விமானிக்கு அதுவே பெரிய வரம். 59 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குள்ள அலெக்ஸாந்தர் பொக்ரிஷ்கின், 1943இல் தெற்கு ரஷ்யாவின் குபான் வானில் பெயரெடுத்தது இதில்தான். செய்த ஐராகோப்ராக்களில் கிட்டத்தட்டப் பாதி சோவியத்துக்குப் போயின.

எப்படிப் போயின என்பதும் கவனிக்க வேண்டியது. அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் வரை அமெரிக்க விமானிகள் ஓட்டி வருவார்கள். அங்கே சோவியத் விமானிகள் காத்திருப்பார்கள். பரிசோதித்து, கையெழுத்திட்டு வாங்கி, பெரிங் நீரிணை தாண்டி சைபீரியா வழியாக ஓட்டிப் போவார்கள். மீட்டரிலும் லிட்டரிலும் பழகியவர்கள் முன்னால் அடியும் மைலும் காலனும் காட்டும் முள்கள். இந்த வழியாக மட்டும் சுமார் 8,000 விமானங்கள் போயின. வெறும் விமானம் மட்டும் போகவில்லை. உதிரி எஞ்சின், 37 மி.மீ. குண்டு, உயர்தரப் பெட்ரோல் எல்லாம் ஈரான் வழியாகவும் முர்மான்ஸ்க் வழியாகவும் கூடவே போய்க்கொண்டிருந்தன. அது நின்றிருந்தால் பொக்ரிஷ்கினின் விமானமும் சில வாரத்தில் தரையில்தான்.

ஓரிடத்தில் கழித்துவிட்ட ஆயுதம் இன்னோரிடத்தில் கைகொடுப்பதற்கு நம் பக்கத்திலும் சாட்சி உண்டு. அமெரிக்காவின் லீ டாங்கி ஐரோப்பாவில் 1944க்குள் பழைய இரும்பாகிவிட்டது. உயரமான உருவம், 75 மி.மீ. பீரங்கி பக்கவாட்டில் ஒரு மூலையில். ஆனால் ஜப்பானியர்களிடம் அதை எதிர்க்கும் பீரங்கி குறைவு. 1944 ஏப்ரல் 13 அன்று இம்பால் சமவெளிக்கு மேலே நுன்ஷிகும் குன்றின் செங்குத்தான முகட்டில் லீ டாங்கிகள் ஏறின. டோக்ரா ரெஜிமென்ட் காலாட்படை கூடவே ஏறியது. அந்தச் சரிவில் டாங்கி வரும் என்று ஜப்பானியர்கள் எதிர்பார்க்கவில்லை. வழி பார்க்கத் தலையை வெளியே நீட்டிய டாங்கி அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராகச் சுடப்பட்டார்கள். கடைசியில் ஒரு சார்ஜென்ட் மேஜர் பொறுப்பேற்றுக் குன்றைப் பிடித்தார். மூடி வைத்துக்கொண்டு ஓட்டினால் சக்கரம் எங்கே போகிறது என்றே தெரியாது, திறந்தால் குறி. எந்த நாட்டுத் தொழிற்சாலையும் இதற்குத் தீர்வு வைத்திருக்கவில்லை.

அதே டாங்கி பிரிகேடில் இந்தியாவின் 7-ஆவது கேவல்ரி அமெரிக்க ஸ்டூவர்ட் இலகு டாங்கிகளோடு இருந்தது. போர் முடிந்ததும் லெண்ட்-லீஸ் சாமான்களில் எவ்வளவோ கடலில் தள்ளப்பட்டன, உடைக்கப்பட்டன. ஆனால் அந்த ரெஜிமென்ட்டிடம் ஸ்டூவர்ட்டுகள் மிஞ்சின. 1948 நவம்பர் 1 அன்று, பாகிஸ்தானோடு நடந்த காஷ்மீர்ப் போரில், பதினோராயிரம் அடிக்கு மேலே, பனிக்கு நடுவே ஸோஜிலா கணவாயில் அவை போய் நின்றன. அடிவாரத்துப் பால்தாலிலிருந்து மேலே போகும் கோவேறு கழுதைப் பாதையை டாங்கி ஏறும் அளவுக்கு வெட்டிக் கொடுத்தது மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவு. எதிரே இருந்தவர்களிடம் டாங்கிக்கான பதிலே இல்லை. பர்மாவுக்காக வந்த அமெரிக்க டாங்கி லடாக்கின் கதவைத் திறந்தது.

இவ்வளவும் பட்ட பிறகுதான் நேட்டோ நாடுகள் தோட்டாவை முதலில் பேசி முடிப்போம் என்று உட்கார்ந்தன. 1954இல் 7.62 மி.மீ. பொதுத் தோட்டாவானது. பிரிட்டன் சிறிய .280 தோட்டாவை முன்வைத்தது. அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை, தன்னுடையதைத் தள்ளி ஏற்கவைத்தது. பத்துச் சொச்ச ஆண்டில் அதே அமெரிக்கா வியட்நாமில் 5.56 மி.மீ. என்ற இன்னும் சின்னத் தோட்டாவுக்குத் தாவிவிட்டது. மற்றவர்கள் எப்படிப் பல்லைக் கடித்திருப்பார்கள் என்று யோசிக்கலாம். 1980 வாக்கில் அதுவும் பொது அளவானது. பீரங்கிக்கு 155 மி.மீ. எதிரணியில் சோவியத் கூட்டணிக்கு 122, 152 என்று தனி அளவுகள்.

2022இல் உக்ரைன் இந்த எல்லைக்கோட்டை நடுப் போரில் தாண்ட வேண்டியிருந்தது. அதன் பீரங்கிகள் சோவியத் அளவு, குண்டு தீர்ந்துகொண்டிருந்தது, அந்த அளவில் மிக அதிகமாகச் செய்யும் நாடு எதிரியே. அமெரிக்க எம்777, பிரெஞ்சு சீசர், ஜெர்மன் பான்ஸர்ஹவுபிட்ஸெ 2000, போலந்தின் கிராப் என்று 155 மி.மீ. பீரங்கிகள் வந்தன. எல்லாம் ஒரே விட்டம்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றிலும் குழாயின் நீளம் வேறு, வெடிமருந்துப் பொதி வேறு, கணிப்பொறி வேறு, உதிரி பாகம் வேறு. ஒரு நாட்டின் குண்டை இன்னொரு நாட்டின் பீரங்கியில் போட்டுச் சுடலாம். எங்கே போய் விழும் என்பதற்கு அந்தக் குண்டுக்கான கணக்கு அட்டவணை வேண்டும். ஜெர்மன் பீரங்கி சில வாரங்களிலேயே பழுதுச் செய்தி காட்ட ஆரம்பித்தது. தினமும் இத்தனை நூறு குண்டு சுடுவார்கள் என்று அதைச் செய்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

பழுது பார்க்கும் விதமும் மாறிவிட்டது. போலந்தில் ஒரு தளத்தில் அமெரிக்க மெக்கானிக்குகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். போர்முனையில் உக்ரைன் சிப்பாய் போனைப் பீரங்கியின் உள்ளே நீட்டிக் காட்டுவார். நடுவில் மொழிபெயர்ப்பாளர். எந்த ஆணியைக் கழற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று இங்கிருந்து சொல்லச் சொல்ல அங்கே வேலை நடக்கும். ஃபயர்ஃபிளை மாதிரிக் கலப்புகளும் வந்தன: சோவியத் மிக்-29 விமானத்தின் இறக்கையில் அமெரிக்க ஹார்ம் ஏவுகணை, சோவியத் பூக் ஏவு வண்டியில் அமெரிக்க ஏவுகணை. ரேடாரை அழிக்கும் ஹார்மோடு விமானத்தின் பழைய கணிப்பொறி பேசாது. ஆகவே முழு வசதியும் கிடைக்காது. இருந்தாலும் சுட முடிந்தது.

கடைசியில் உக்ரைன் செய்தது எம்1917 செய்தவர்களின் வேலையைத்தான், ஆனால் தலைகீழாக. போர் தொடங்கும்போது அதனிடம் போஹ்தானா என்ற லாரிமேல் பொருத்திய பீரங்கியின் ஒரே ஒரு மாதிரி இருந்தது. சொந்த வடிவமைப்பு, ஆனால் குண்டு நேட்டோவின் 155 மி.மீ. அந்த ஒற்றைப் பீரங்கி 2022 கோடையில் ரஷ்யா பிடித்திருந்த கருங்கடல் பாம்புத் தீவின்மேல் சுட்டது. இப்போது தொழிற்சாலைகள் அதை வரிசையாகச் செய்து தள்ளுகின்றன. அமெரிக்கா 1917இல் அடுத்தவர் துப்பாக்கியைத் தன் தோட்டாவுக்கு வளைத்தது. உக்ரைன் தன் பீரங்கியையே அடுத்தவர் குண்டுக்காகச் செய்தது. ஆனால் அதன் பழைய 122, 152 மி.மீ. பீரங்கிகளும் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கான குண்டுகளைப் பல்கேரியாவும் செக் குடியரசும் செய்து கொடுக்கின்றன. இரண்டும் இப்போது நேட்டோ நாடுகள்.